பூங்காவனம் பேரில் இருபத்தைந்து வருடம்

என் கடைக்கு வருகிறவர்கள் முதலில் என்னிடம் திட்டு வாங்குவார்கள். அப்புறம்தான் வேலை நடக்கும். வில்லியனூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு ஷட்டர், ரெண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், போர்டில் ‘தஸ்லீமா நெட் சென்டர்’. ஓ.டி.பி. வருகிற போனை வீட்டில் வைத்துவிட்டு வருவார்கள். ஆதார் அட்டையை எட்டாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்து, வேர்வையில் எழுத்தே அழிந்த பிறகு கொண்டுவருவார்கள். பொறுமை எங்கிருந்து வரும்? ஆனாலும் பி.எஃப்., பென்ஷன் என்றால் சுற்றுவட்டாரத்துக் கம்பெனி ஆட்கள் என்னைத்தான் தேடி வருகிறார்கள். எனக்குத் தெரியாத பாரம் இல்லை, நான் போட்டுத் திரும்பி வந்த மனு இல்லை என்று ஒரு திமிர் எனக்கு உண்டு. அபிஷேகப்பாக்கத்துச் சின்னப்பிள்ளை வந்து அந்தத் திமிரை அடக்கினாள்.

2024 ஜூலை. ஆனி மாதக் கடைசி நாள். அக்கா தங்கச்சி ரெண்டு பேர் கடைக்குள் வந்தார்கள். அக்காவுக்கு முகம், கால் எல்லாம் வீங்கியிருந்தது, கையில் டயாலிசிஸ் ஊசி போட்ட இடத்தில் பிளாஸ்திரி. வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். தங்கச்சிதான் பேசினாள்.

“அக்காவுக்கு பென்ஷன் எழுதணும்மா. பேரு பூங்காவனம். சோப்பு டப்பா செய்ற பிளாஸ்டிக் கம்பெனியில இருபத்தஞ்சு வருசம் வேல. போன மாசத்தோட அம்பத்தெட்டு முடிஞ்சிடுச்சின்னு நிறுத்திட்டாங்க.”

“எவ்ளோ வரும்னு தெரியுமா?”

“நீதான் சொல்லணும்.”

எல்லாரிடமும் சொல்வதையே அவளிடமும் சொன்னேன். மாசாமாசம் சம்பளத்தில் பிடிக்கிற காசு உன் உண்டியல். அது பி.எஃப். அவசரத்துக்கு அதிலிருந்து எடுக்கலாம். கம்பெனி தன் பங்குக்குப் போடுகிற காசில் ஒரு பகுதி பென்ஷன் நிதிக்குப் போகும். அது ஊர்ப் பொதுக் குளம். யார் ஊற்றினார்கள் என்று அந்தத் தண்ணீருக்குத் தெரியாது, சீட்டில் பேர் இருக்கிறவர்தான் மொண்டு குடிக்கலாம். பத்து வருடம் வேலை செய்திருந்தால்தான் அந்தச் சீட்டே கிடைக்கும். கடைசி அஞ்சு வருடச் சம்பளத்தின் சராசரியை வேலை பார்த்த வருடத்தால் பெருக்கி எழுபதால் வகுக்க வேண்டும். இருபது வருடம் தாண்டினவர்களுக்கு ரெண்டு வருடம் சேர்த்துக் கொடுப்பார்கள். தட்டிப் பார்த்தேன். சராசரி பதினோராயிரத்து இருநூறு. இருபத்தேழால் பெருக்கி, எழுபதால் வகுத்து...

“நாலாயிரத்து முன்னூத்தி இருவது. சாவுற வரைக்கும் மாசாமாசம் பேங்குல விழும்.”

தங்கச்சிக்காரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அக்கா கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துச் சிரித்தாள். யாருக்கோ வருகிற பென்ஷனுக்கு இவள் ஏன் இப்படி அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. பாரத்தை நீட்டினேன். தங்கச்சி பேனாவை வாங்கி, சரசரவென்று ‘பூங்கா’ வரைக்கும் எழுதிவிட்டாள். அக்கா அவள் தொடையில் கிள்ளினாள்.

“ஏய், கையெழுத்து அவங்க போடணும். பாரத்தையே பாழாக்கிட்டியே!” என்று கத்தினேன். வேறு பாரம் எடுத்தேன். ஆதாரைப் போட்டால் ஓ.டி.பி. கேட்டது. போன் அக்கா புருஷன் பக்கிரியிடம் இருந்தது. பக்கிரி சாராயக்கடையில் இருந்தான்.

“நாளைக்கே போனோட வாங்க.”

“நாளைக்கு ஆடி பொறக்குதும்மா,” என்றாள் அக்கா. அன்று அவள் பேசியது அதுதான். “மொதமொதல்ல வர்ற நல்ல காசு. ஆடியில கை வைக்க வாணாம். ஆவணி பொறந்ததும் வரோம்.”

“பென்ஷனுக்கு இன்னா கல்யாணமா பண்றீங்க, ஆடி ஆவணி பாக்க?” என்றேன். ரெண்டு பேரும் சிரித்தார்கள். நானும் விட்டுவிட்டேன். ஐயோ, விட்டிருக்கக் கூடாது. அன்றைக்கே பைக்கில் யாரையாவது அனுப்பி அந்தப் போனைப் பிடுங்கி வந்திருக்க வேண்டும். ஒரு மாசப் பென்ஷனாவது அவர்கள் கைக்கு வந்திருக்கும். ராத்திரி படுத்தால் இன்னமும் அந்த முப்பத்தோரு நாளைத்தான் எண்ணுகிறேன்.

ஆடி இருபத்தேழில் பூங்காவனம் டயாலிசிஸ் படுக்கையிலேயே போய்விட்டாள்.

ஆவணி பிறந்து மூன்றாம் நாள் சின்னப்பிள்ளை தனியாக வந்தாள். தலை வாரவில்லை. நாற்காலியில் உட்காராமல் ஜெராக்ஸ் மிஷினைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா இல்லாம போட முடியாதாம்மா?”

“செத்துட்டாங்கன்னா பென்ஷன் அவங்க புருஷனுக்குப் போவும். உனக்கு எப்படிப் போவும்? நீ தங்கச்சிதான?”

“நான்தாம்மா பூங்காவனம்,” என்றாள்.

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். 1999. கம்பெனிக்கு எட்டாவது பாஸ் பண்ணின பெண்கள் வேண்டும் என்று ஆள் எடுத்தார்கள். பூங்காவனம் எட்டாவது பாஸ். சின்னப்பிள்ளையை மூன்றாவதிலேயே நிறுத்தி நாற்று நட அனுப்பிவிட்டார்கள். வேலை உத்தரவு பூங்காவனம் பேருக்கு வந்த அதே வாரம், கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து அவளுக்கு வயிற்றில் தங்கியது. பஸ் ஏறக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். சின்னப்பிள்ளையின் புருஷன் அப்போதுதான் கடலூர்ப் பக்கம் இன்னொருத்தியோடு போயிருந்தான். வந்த வேலை வீணாகக் கூடாது என்று அக்காவின் சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு தங்கச்சி போனாள். ஆறு மாதம் போகட்டும், பிள்ளை பிறந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று பேச்சு. அந்தப் பிள்ளை தங்கவில்லை. அதற்குப் பிறகு வேறு பிள்ளையும் இல்லை. பூங்காவனம் ஒரு நாளும் அந்த வேலையைத் திருப்பிக் கேட்கவில்லை.

இருபத்தைந்து வருடம் சின்னப்பிள்ளை சோப்பு டப்பா ஓரத்தில் பிளேடு வைத்துப் பிசிறு வெட்டினாள். ஒரு ஷிப்டுக்கு மூவாயிரம் டப்பா. விரல் நுனியெல்லாம் கீறல், ரேகையே தேய்ந்துவிட்டது. கம்பெனியில் அவள் பூங்காவனம், சின்னப் பெண்களுக்குப் ‘பூங்காக்கா’. ஊரில் இறங்கினால் சின்னப்பிள்ளை. சம்பளம் பேங்குக்கு மாறினபோது பூங்காவனம் போய் கணக்கு ஆரம்பித்து ஏ.டி.எம். அட்டையைத் தங்கச்சி கையில் கொடுத்தாள். பி.எஃப்.க்கு ஆதார் கேட்டபோது பூங்காவனத்தின் ஆதார் போனது. எந்தத் தாளிலும் பிசகில்லை, எல்லாத் தாளும் ஒரே பேரைத்தான் சொன்னது. கடைசியில் அக்கா ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டி பென்ஷன் வாங்கிக் கொடுத்தால் போதும் என்று காத்திருந்தார்கள். பி.எஃப். உண்டியலில் இருந்ததையும் அந்த அக்காவின் வைத்தியத்துக்கே எடுத்துத் தீர்த்திருந்தாள். மிச்சம் இருந்தது இந்தப் பென்ஷன் ஒன்றுதான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில், “படிச்சவங்க யார்கிட்டயாவது ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா? அறிவு வாணாமா?” என்று அழுகிறவளிடம் போய்ச் சத்தம் போட்டேன். அப்புறம் ரெண்டு டீ வாங்கி வந்து ஒன்றை அவள் கையில் திணித்தேன்.

மறுநாள் கடையைச் சாத்திவிட்டு அவளோடு கம்பெனிக்குப் போனேன். கம்பெனிக்கு விஷயம் அரைகுறையாக ஏற்கெனவே தெரிந்திருந்தது. சாவுக்கு வைத்த கண்ணீர் அஞ்சலி பேனரில் ‘பூங்காவனம்’ என்று பார்த்துவிட்டு கம்பெனி வேன்காரன் போய்ச் சொல்ல, பிசிறு செக்‌ஷன் பெண்கள் பதினாலு பேர் மாலையோடு ஒப்பாரி வைத்துக்கொண்டு அபிஷேகப்பாக்கத்துக்கு ஓடி வந்திருக்கிறார்கள். வந்து பார்த்தால் அவர்களுடைய பூங்காக்கா பிணத்தின் தலைமாட்டில் உயிரோடு உட்கார்ந்திருக்கிறாள். மாலையை யாருக்குப் போடுவது என்று தெரியாமல் நின்றார்களாம்.

ஆபீஸில் குழந்தைவேல் என்கிற மேனேஜர் கையை மேசைமேல் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன்.

“பேர மாத்தணும்னா கம்பெனியும் சேந்து கையெழுத்துப் போடணும்மா. எழுத்து விட்டுப்போச்சி, இனிஷியல் தப்பாப் போச்சின்னா நான் போடலாம். இது ஆளே வேற. இருபத்தஞ்சு வருசம் வேற ஆள வேலைக்கு வெச்சிருந்தோம்னு நானே எழுதிக் குடுத்தா கம்பெனி மேல கேஸ் வரும். ஆள்மாறாட்டம்னு இவங்க மேலயும் வரும்.”

“சார், தினம் என்னப் பாத்தீங்களே சார்,” என்றாள் சின்னப்பிள்ளை. “தீவாளிக்கு நீங்கதான சொவீட் பாக்ஸ் குடுப்பீங்க? யாருக்குக் குடுத்தீங்க?”

“பூங்காவனத்துக்குக் குடுத்தேம்மா,” என்றார் அவர். “நீங்க அப்படித்தான கையெழுத்துப் போட்டு வாங்கினீங்க?”

வக்கீலிடமும் கேட்டோம். நடத்தலாம், வருடக்கணக்கில் இழுக்கும், அதற்கு முன்னால் இவளே குற்றத்தை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். அவர் பீஸைச் சொன்னதும் இவள் எழுந்துவிட்டாள். முதியோர் உதவித்தொகைக்கு வயது ஆகவில்லை. அக்காவின் பிறந்த தேதிக்கு ஐம்பத்தெட்டு முடிந்ததே தவிர, இவளுக்கு அப்போது ஐம்பத்து நாலுதான். வயசாகிவிட்டது என்று வேலையை விட்டு நிறுத்தப்பட்டவளுக்கு, வயசாகவில்லை என்று உதவித்தொகையும் இல்லை. இதற்கு நான் யாரைத் திட்டுவது?

ஒரே ஒரு வாசல் திறந்திருந்தது. அது பக்கிரியின் வாசல். பேர் இருக்கிறவர் செத்தால் புருஷனுக்கு ஏறக்குறைய பாதி பென்ஷன் வரும். கணக்குப் போட்டேன், ரெண்டாயிரத்து நூற்று அறுபது. பக்கிரி வாங்கி இவள் கையில் கொடுத்தால் உண்டு.

பக்கிரியைப் பார்க்கும் முன்பே குடிகாரன் ஏமாற்றிவிடுவான் என்று தீர்மானமாக நம்பினேன். அவன் கடைக்குள் வந்து பாரத்தைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதான். “எம் பொண்டாட்டி ஒரு டப்பா வெட்டல, நான் ஒரு டப்பா வெட்டல. இவ ரத்தம்மா இது. நான் வாங்கினா வெளங்குவனா?” என்றான். கையெழுத்துப் போடவே மாட்டேன் என்று அடம். சின்னப்பிள்ளைதான், “போடு மாமா, நீ போட்டாத்தான் எனக்குச் சோறு,” என்று பேனாவை அவன் விரலுக்குள் வைத்து அழுத்தினாள்.

நாலு மாதம் அலைந்து, டிசம்பரில் பணம் வந்தது. ஆயிரத்து ஐந்நூறை அவளிடம் கொடுத்துவிடுவான். அறுநூற்று அறுபதை வைத்துக்கொண்டு குடிப்பான். கொஞ்ச நாளில் எனக்குத்தான் சங்கடம். அவளுக்குத் தெரிய வேண்டிய ஒரு விதியை நான் சொல்லாமல் வைத்திருந்தேன். ஒரு நாள் சொல்லித் தொலைத்தேன்.

“அக்கா, இந்தப் பென்ஷன் அவரு இருக்கிற வரைக்கும்தான். அவரு போய்ட்டா நின்னுடும். உனக்குத் தொடராது.”

பக்கிரிக்கு அப்போது அறுபத்தாறு. கல்லீரல் கெட்டு வயிறு வீங்க ஆரம்பித்திருந்தது.

அன்றிலிருந்து சின்னப்பிள்ளைக்கு ஒரே வேலை, பக்கிரியைச் சாகாமல் பார்த்துக்கொள்வது. தன் வீட்டைப் பூட்டிவிட்டு ரெண்டு தெரு தள்ளி அவன் வீட்டுக்குப் போய்விட்டாள். உப்பில்லாமல் கஞ்சி, நேரத்துக்கு மாத்திரை, வாரா வாரம் பெரியாஸ்பத்திரி. சாராயக்கடை வாசலில் நின்று, “இந்தாளுக்கு ஊத்தினீங்க, இங்கயே மண்ண வாரித் தூத்துவேன்,” என்று சண்டை போட்டாள். அவன் குடித்துவிட்டு வந்த நாளில் முறத்தால் அடித்திருக்கிறாள். அடித்த கையாலேயே வாந்தியையும் வாரினாள். அவன் குடிக்கிற காசு இவள் பிசிறு வெட்டிச் சம்பாதித்த காசு. அதே காசுதான் அவனைக் கொன்று இவள் சோற்றிலும் மண்ணைப் போடப் போகிறது.

ஊர் சும்மா இருக்குமா? அக்கா சாம்பல் ஆறுவதற்குள் மாமன் வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டாள் என்று குழாயடியில் கை தட்டிச் சிரித்தார்கள். பக்கிரிக்கு அது பொறுக்கவில்லை. ஒரு நாள் போதை இல்லாமல் என் கடைக்கு வந்தான். “ஒரு மஞ்சக்கயிறக் கட்டிடறேம்மா. ஊர் வாய் அடங்கும்ல?” என்று கேட்டான்.

“கட்டினீங்கன்னா மறுகல்யாணம்னு பென்ஷன நிறுத்திடுவாங்க,” என்றேன்.

அவன் எதிரே வந்து நின்ற பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான்.

போன டிசம்பரில் ரெண்டு பேரும் வந்தார்கள். வருடத்துக்கு ஒரு தடவை பென்ஷன்காரர் உயிரோடு இருக்கிறார் என்று போனில் முகத்தைக் காட்டி நிரூபிக்க வேண்டும். பக்கிரியைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. கண் மஞ்சள், வயிறு பானையாக முன்னால் தள்ளியிருந்தது, கால் குச்சி. ஆட்டோவிலிருந்து சின்னப்பிள்ளை அவனைத் தோளில் சாய்த்து இறக்கினாள். நாற்காலியில் சாய்த்துப் போனை நீட்டினேன். கண்ணைச் சிமிட்டச் சொல்லி எழுத்து வந்தது. அவன் இமை பாதியில் நின்றது. முதல் தடவை ஏற்கவில்லை. ரெண்டாம் தடவையும் ஏற்கவில்லை. சின்னப்பிள்ளை பின்னால் நின்று அவன் தலையை ரெண்டு கையாலும் நிமிர்த்திப் பிடித்தாள்.

“சிமிட்டு மாமா. ஒரே ஒரு தபா. எங்கண்ணுல்ல, சிமிட்டு.”

நாலாவது தடவை ஏற்றுக்கொண்டது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“இன்னும் ஒரு வருசத்துக்குக் கேக்க மாட்டாங்கல்லம்மா?”

“கேக்க மாட்டாங்க.”

அவள் குரலைத் தாழ்த்தினாள். “டாக்டரு ரெண்டு மாசந்தான்னு சொல்லிட்டாரு. நடுவுல... ஒண்ணு ஆயிட்டா, நாம சொல்லலன்னா தெரியவா போவுது?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “அக்கா, அது திருட்டு. கவர்மென்ட்டு காசத் திருடறது.”

“யாரு காசும்மா?” என்றாள்.

இருபது வருடமாக எல்லாருக்கும் விதி சொல்கிறவள் நான். அன்றைக்கு என்னிடம் ஒரு விதியும் இல்லை.

தூங்குகிறான் என்று நினைத்த பக்கிரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். “சொல்லாதடி சின்னப்பிள்ள,” என்றான் கண்ணைத் திறக்காமலே. “மோளம் வாணாம், பேனரு வாணாம். கொல்லையிலயே ஒரு குழி வெட்டிப் போட்டுடு. கேட்டா, ஊருக்குப் போயிருக்காருன்னு சொல்லிக்க. அந்த ஒரு வருசமாவது வாங்கித் தின்னு.”

அவள் எழுந்து அவன் தோளில் ஓங்கி அறைந்தாள். அப்புறம் அந்தத் தோளிலேயே முகத்தை வைத்து, கடைக்கு வெளியே நிற்கிறவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி வாய்விட்டு அழுதாள்.

“நாயாட்டம் பொதைக்கச் சொல்றியா? மோளம் அடிச்சி, பாடை கட்டி, கொம்யூன் ஆபீஸ்ல சாவப் பதிஞ்சித்தான் உன்னத் தூக்குவேன். அக்கா பேர்ல நான் வாழ்ந்துட்டேன். உன் பேர்லயும் திருட்டுத்தனமா வாழ எனக்குத் தெம்பு இல்ல மாமா.”

தை பத்தாம் தேதி பக்கிரி போனான். மேளம் அடித்தார்கள். மறுவாரமே அவள் இறப்புச் சான்றிதழைக் கொண்டுவந்து நீட்டினாள். பென்ஷனை நிறுத்தச் சொல்லி நானே எழுதிப் போட்டேன். அவள் ரோஷக்காரி, அழவில்லை. பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தாள். சோப்பு டப்பா கம்பெனிக்குப் பக்கத்தில் பாட்டில் மூடி செய்கிற கம்பெனி ஒன்று புதிதாக வந்திருக்கிறது, பிசிறு வெட்ட ஆள் எடுக்கிறார்கள். அனுபவம் உள்ளவர்களுக்கு தினக்கூலி நூற்றைம்பது ரூபாய் அதிகம்.

“இந்தத் தபா எம் பேர்லயே எழுதும்மா,” என்றாள்.

ஐம்பத்தைந்து வயது. பி.எஃப்.பில் சேர்த்தாலும் ஐம்பத்தெட்டுக்கு இருப்பது மூன்று வருடம், பென்ஷனுக்குப் பத்து வேண்டும். அதை நான் சொல்லவில்லை, அவளுக்கும் தெரியும். பேர், சின்னப்பிள்ளை என்று எழுதினேன். ஊர் எழுதினேன். வயது எழுதினேன். அடுத்த கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. ‘முன் அனுபவம், வருடங்களில். சான்று இணைக்கவும்.’

நான் நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். அவள் தன் விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்லன்னு எழுதும்மா,” என்றாள்.